பேனாவை மூலையில் வைத்துவிட்டார்கள்

பேராவூரணி
20.1.2019, ஞாயிறு

அன்புள்ள சுமதி,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதென்றால் திட்டிக்கொள். நவம்பர் 16 விடியற்காலையிலிருந்து இந்த ஊரில் நாள்கணக்கே வேறாகிவிட்டது. எதைப் பேசினாலும் கஜா புயலுக்கு முந்தியா பிந்தியா என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்தாறு நாள் ஆனது. கொல்லையில் 62 தென்னை இருந்ததில் 9 நிற்கிறது, அதிலும் இரண்டுக்குக் குருத்து இல்லை. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அறிவித்திருக்கிறார்கள். கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருஷம் ஆகும் என்று இவர் தினமும் சாயங்காலம் ஒருதரம் சொல்கிறார். நானும் முதல்முறை கேட்பதுபோல் உம் கொட்டுகிறேன்.

நீ அனுப்பிய பணமும் தார்ப்பாயும் வந்து சேர்ந்தன. பாதியைப் புஷ்பாவுக்குக் கொண்டுபோனேன். வாங்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். 'இங்க் ஃபில்லர்' கதையை உன் மருமகளிடம் சொல்லிவிடுவேன் என்றேன், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? பாபு பரீட்சைக்குப் படிக்கிறானா, போனோடு கிடக்கிறானா? சரி, விசாரிப்பு முடிந்தது.

விஷயம் இதுதான். ஸ்க்ராட்ச் மாறிவிட்டது. பிளாக்குகளைக் கோத்துப் பூனையை ஆடவைத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் பழகுகிற அதே ஸ்க்ராட்ச்தான்.

சிரிக்காதே. தோப்பே போய்விட்டது, இவள் பூனை பொம்மைக்கு மூக்கைச் சிந்துகிறாள் என்று இங்கே இவர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நீதானே 2012 கோடை லீவில் ஆறு பழைய கம்ப்யூட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து என் வீட்டுக் கூடத்தில் இறக்கினாய்? நீதானே பென்டிரைவில் அந்தப் பூனையைக் கொண்டுவந்தாய்? இப்போது நீதான் கேட்டாகவேண்டும்.

புதிய பதிப்பை ஆகஸ்டிலேயே சோதனைக்கு விட்டிருந்தார்கள். நீயும் ஒரு தடவை போனில் சொன்னாய், 'எட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளடி' என்று. பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் புயல். கரண்ட் வந்து, சுவர் காய்ந்து, கம்ப்யூட்டர்களைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைப்பதற்குள் ஜனவரி 2 வந்து, புதிய 3.0 வெளியாகிவிட்டது. 5ஆம் தேதி சனிக்கிழமை, ஒன்றரை மாசம் கழித்து முதல் வகுப்பு. பிள்ளைகளும் ஆசையாக ஓடி வந்தார்கள். தளத்தைத் திறந்தால் எல்லாம் இடம் வலமாகக் கிடக்கிறது.

பூனை ஆடுகிற ஸ்டேஜ் இடப்பக்கம் இருந்ததல்லவா, அதை வலப்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். உனக்கு நினைவிருக்கிறதா, நீ முதலில் கொண்டுவந்த 1.4 பதிப்பில் அது வலப்பக்கம்தான் இருந்தது. 2013 மே மாதம் 2.0 வந்தபோது இடப்பக்கம் போனது. அப்போதும் நான் உனக்கு நாலு பக்கம் புலம்பி எழுதினேன், 'பழகிப்போகும்' என்று ஒரு வரியில் பதில் போட்டாய். பழகியும் போனது. பழகி முடித்த பிறகு மறுபடி வலப்பக்கம். புகுந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்துவிட்டுத் தாய்வீட்டுக்கே திரும்பி வந்த பெண்ணைப்போல. வரவேற்பதா, என்ன ஏது என்று கேட்பதா, தெரியவில்லை.

நிறத்தையும் மாற்றியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் பெயர் சொல்லி நான் எந்த பிளாக்கையும் கற்றுக்கொடுத்ததில்லை, உனக்குத் தெரியும். நிறம்தான். 'பழுப்பை எடு, அதன் கீழே மஞ்சளைக் கோத்துவிடு.' கொடியை அழுத்தினால் தொடங்குகிற பிளாக் பழுப்பு. திரும்பத் திரும்பச் செய்கிறது மஞ்சள். இப்போது பழுப்பு மஞ்சளாகிவிட்டது, பழைய மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் நகர்ந்துவிட்டது. 'மஞ்சளை எடு' என்று நான் சொன்னேன். பாதிப் பேர் ஒன்றை எடுத்தார்கள், பாதிப் பேர் வேறொன்றை எடுத்தார்கள், மணிகண்டன் மட்டும் எழுந்து நின்று 'எந்த ஊர் மஞ்சள் டீச்சர்?' என்றான். அவன் வாயை அடக்க யாராலும் ஆகாது, அது இருக்கட்டும். கலர் பென்சிலால் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 38 பக்கம் வரைந்து கலர் ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேனே ஒரு புத்தகம், அதை இனி எடைக்குத்தான் போடவேண்டும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பேனாவைத்தான் பொறுக்க முடியவில்லை.

பூனை போகிற வழியில் கோடு போடுகிற பிளாக்குகள், நடுவில் ஒரு வரிசையாக, பச்சையாக, 'பென்' என்று தனியாக இருக்குமே, அது பட்டியலிலேயே இல்லை. பிள்ளைகள் முன்னால் அரைமணி நேரம் தேடினேன். கடைசியில் இடப்பக்கம் அடியில், மூலையில், ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தினால் 'கூடுதல் சேர்க்கைகள்' என்று ஒரு பக்கம் விரிகிறது. அங்கே இசை, வீடியோ, மொழிபெயர்ப்பு, மைக்ரோபிட் இவற்றோடு பேனாவும் ஒரு ஓரமாக நிற்கிறது. வேண்டுமானால் கூப்பிடுங்கள், வருகிறேன் என்கிற மாதிரி.

பேனா கூடுதலா சுமதி? நீயே சொல். ஒன்பதாம் வகுப்பில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, ஏதோ கர்ப்பக்கிரகத்துக்குள் போவதுபோல அந்த ஏசி ரூமுக்குள் போவோமே. மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் ஒரு முக்கோணம், அதற்குப் பெயர் ஆமை. நூறு அடி போ, தொண்ணூறு டிகிரி திரும்பு. ஆமை போன இடமெல்லாம் கோடு விழும். நாலு தரம் சொன்னால் சதுரம். 'இது எப்படி மிஸ், நாம சொன்னதைக் கேக்குது?' என்று நீ கேட்டு, 'நீங்க யாராவது நான் சொன்னதைக் கேட்டீங்களா?' என்று மிஸ் திரும்பக் கேட்டதும் அன்றைக்குத்தான். ஆமையை ஓட்டிய அந்த லோகோ என்கிற கம்ப்யூட்டர் மொழியை 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் உண்டாக்கினார்கள். அந்தப் பேப்பர்ட்டோடு வேலை பார்த்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழுதான் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இந்த ஸ்க்ராட்ச்சைச் செய்தது. அந்த ஆமையின் வயிற்றில் இருந்த பேனாதான் பூனையின் கைக்கு வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டி வீட்டு அம்மிக்கல்லைப் பரணில் ஏற்றியதுபோல இருக்கிறது எனக்கு. தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் பரணில் இருக்கிறது என்று தெரிந்தவள்தானே இறக்குவாள்? புதிதாக வருகிற பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடாதா?

இன்னொரு வேடிக்கை. தேன்மொழி புயலுக்கு முந்தின வருஷ மார்கழியில் ஒரு பூக்கோலம் செய்தாள். ஒரு வளைவு போட்டு, 30 டிகிரி திருப்பி, பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு இதழுக்கும் பேனா நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அதைக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்து வாசலில் போட்டு, தெருவே வந்து பார்த்தது. அந்தக் கோலத்தைப் புதியதில் திறந்தேன். திறக்கிறது, ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. நிறத்தை எண்ணால் மாற்றுகிற பழைய பிளாக் அவள் கோலத்துக்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் அதேபோல் இன்னொன்று எடுக்கலாம் என்று பட்டியலுக்குப் போனால் அங்கே அது கிடையாது. வேறு மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் நிறம் ஒரு சுற்றுச் சுற்றிவர 100, பழையதில் 200. அவள் போட்டிருந்த எண்ணைப் புதியதில் போட்டால் நிறம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கிணற்றை விற்றுவிட்டார்கள், உள்ளே தவளையை மட்டும் இருக்கவிட்டார்கள்.

சரி, எரிச்சலில் ஒருபக்கமாகவே எழுதிக்கொண்டு போகிறேன். ஏன் மாற்றினார்கள் என்பது தெரியாமல் இல்லை. 2.0 முழுக்க ஃபிளாஷ் என்கிற மென்பொருளின்மேல் கட்டியது. 2020 முடிவோடு ஃபிளாஷை நிறுத்திவிடுவோம் என்று அடோபி 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அஸ்திவாரத்தையே இடிக்கப்போகிறோம் என்று சொன்ன பிறகு மாடியில் எத்தனை நாள் குடியிருப்பது? டேப்லெட்டில் ஃபிளாஷ் ஓடாது, இது ஓடுகிறது. விரலால் தொட வசதியாக பிளாக்குகளைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு நல்ல காலம். பாபுவுக்குத் தம்பி தங்கை இருந்தால் படுத்துக்கொண்டே செய்யலாம்.

என் கூடத்துக் கதை வேறு. ஆறில் ஐந்து உயிரோடு இருக்கின்றன. இரண்டில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. அவற்றில் ஓடுகிற பிரௌசர் எதிலும் புதியது திறக்காது. மூன்றில் விண்டோஸ் 7. பிரௌசரில் இரண்டு திறக்கின்றன, ஒன்று உன்னால் இது முடியாது என்று கையை விரித்துவிட்டது. அதன் படம் காட்டுகிற சில்லு பழையது, யாரையும் குறை சொல்வதற்கில்லை. திறக்கிற இரண்டும் என் போன் நெட்டில் ஓடவேண்டும். நெட் இல்லாமல் போட்டுக்கொள்கிற புதியதற்கு விண்டோஸ் 10 வேண்டுமாம். தேன்மொழி அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று சனிக்கிழமைகளில் வருகிறது, அது மட்டும் புதியதை வழுக்கிக்கொண்டு ஓட்டுகிறது.

இதுவரை என் கூடத்தில் எந்தப் பிள்ளை எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். பென்டிரைவைக் கழற்றி அடுத்ததில் சொருகினால் போன வாரம் விட்ட இடத்தில் தொடங்கலாம். இப்போது பழையதில் சேவ் செய்ததைப் புதியது திறக்கும். புதியதில் சேவ் செய்ததைப் பழையது திறக்காது. போகலாம், திரும்ப முடியாது. ஒருவழிச் சாலை. நான் என் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே இரண்டு தெரு போட்டுவிட்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், அதற்காகத்தான் இன்று காலையிலேயே எழுத உட்கார்ந்தேன். தேன்மொழியும் செல்வியும் ஒன்றாகவேதான் எப்போதும் செய்வார்கள். செல்வி வீட்டு ஓட்டுக்கூரை புயலில் போய், இப்போது மாமா வீட்டில் இருக்கிறார்கள். அவள் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறாள். அம்புக்குறியை அழுத்தினால் காற்று வரும், மரம் சாயும், மேலே ஒரு எண் குறையும். அது முழுக்கப் பழையதில் இருக்கிறது. தேன்மொழி அண்ணனின் மடிக்கணினியில் புதியதைத் திறந்து, மூலைப் பொத்தானை அழுத்திப் பேனாவை எடுத்து, செல்வியின் விளையாட்டில் சாய்ந்த மரத்துக்குப் பதில் கன்று முளைக்கிற மாதிரி ஒரு கோடு வரைந்து காட்டினாள். நன்றாக இருந்தது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். சேவ் செய்யப்போகும்போது கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

'டீச்சர், இதுல சேவ் பண்ணினா செல்வி கம்ப்யூட்டர்ல திறக்குமா?'

திறக்காது என்றேன்.

ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்படியே மூடிவிட்டாள். சேவ் செய்யவில்லை. எழுந்து போய் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் செல்வி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அதே கோட்டை முதலிலிருந்து மறுபடி போடத் தொடங்கினாள். மடிக்கணினி திறந்தபடியே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து மணிகண்டன் போய் அதில் உட்கார்ந்துகொண்டான்.

எனக்கு அதற்குமேல் பாடம் நடத்த வரவில்லை. சுண்டலைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது நீ சொல்லவேண்டியது. எல்லோரையும் பழைய 2.0இலேயே வைத்துக்கொள்ளட்டுமா? நெட் இல்லாமல் ஓடுகிற 2.0 இன்னும் இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறது, அதையே விண்டோஸ் 7 மூன்றிலும் போட்டுவிட்டால் கூடம் மறுபடி ஒரே தெருவாகிவிடும். ஆனால் வெளியே உலகம் முழுக்கப் புதியதில் போய்க்கொண்டிருக்கும்போது, என்னிடம் வந்த பாவத்துக்கு இந்தப் பிள்ளைகளை நான் பிடித்து வைத்துக்கொண்டிருப்பது சரியா? தேன்மொழி ஜூனில் ஏழாவது. இன்னும் ஒரு வருஷம் வருவாள், அவ்வளவுதான். இவர், 'முதலில் கன்று வை, அப்புறம் கம்ப்யூட்டர் பார்' என்கிறார். அவர் கவலை அவருக்கு.

உங்கள் ஆபீசில் மறுபடி பழைய கம்ப்யூட்டர்களைக் கழிப்பார்களா என்று கேட்டுப் பார். புதியதாக வேண்டாம், விண்டோஸ் 10 தாங்கினால் போதும். இரண்டு கிடைத்தால் எக்ஸ்பிக்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுவேன். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சட்டென்று எழுதிவிடு, 'பழகிப்போகும்' என்று மட்டும் எழுதாதே.

அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். 38 பக்கத்தையும் திரும்ப வரைவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். கலர் பென்சில் டப்பாவில் ஆரஞ்சு மட்டும் குட்டையாகிவிட்டது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உமா

பி.கு.: பொங்கலுக்கு நீ அனுப்பிய புடவை வந்தது. நிறம் நன்றாக இருக்கிறது. மஞ்சள் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. எந்த ஊர் மஞ்சள் என்று மணிகண்டனைத்தான் கேட்கவேண்டும்.