பாடத்திட்டக் குழுவுக்கு நான்காவது மடல், இம்முறை தமிழில்

மதிப்புக்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

நோர்வேஜிய மொழியில் மூன்று மடல்கள் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் ‘கிடைத்தது, நன்றி’ என்று ஒரே தானியங்கிப் பதில். சரி, இதைத் தமிழில் எழுதுகிறேன். பிரிக்காமலே கிடக்கப்போகும் மடல் எந்த மொழியில் இருந்தால் என்ன?

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி மக்களின் பழைய சமயத்தைத் தொல்லியல் வழியாகப் படிக்கும் எங்கள் முதுகலையில், அவர்கள் பேசும் மொழிகளில் ஒன்றான வடசாமி மொழி வகுப்பை எடுத்துவிட்டீர்கள். ஐந்து பேருக்காக ஓர் ஆசிரியரை வைத்திருக்க முடியாதாம். (சாமி மக்களின் சாமிகளைப் பற்றிப் படிக்கிறேன் என்றால் என் அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அது வேறு கதை.)

போன கோடையில் நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில், பழைய சாமிக் குடில் ஒன்றைத் தோண்டினோம். நடுவில் நீள்வட்டமாகக் கற்கள் அடுக்கிய அடுப்பு, அதில் கரி. வாசலுக்கு நேர் எதிரே, அடுப்புக்குப் பின்னால், கலைமான் எலும்புத் துண்டுகள். படிவத்தில் ‘கழிவு’ என்று எழுதியவன் நான்தான். மறுநாள் பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவர் ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தார். எலும்புப் பையை நான் தூக்கியபோது, அந்த இடத்தைக் காட்டி “போஷ்ஷு” என்றார். புரியாமல் தலையாட்டினேன். இன்னொரு முறை சொன்னார். அப்புறம் விட்டுவிட்டு என் கோப்பையை நிரப்பினார்.

ஊர் திரும்பி அகராதியைப் புரட்டியபோதுதான் உறைத்தது. போஷ்ஷு என்பது அடுப்புக்குப் பின்னுள்ள புனித இடம். சடங்குகளில் அடிக்கும் பறையை அங்கேதான் வைத்திருந்தார்கள். வேட்டையாடிய இறைச்சியும் அதற்கென்றிருந்த பின்வாசல் வழியாகவே உள்ளே வரும். அந்த எலும்புகள் படையலா, குப்பையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியே அன்று எனக்குத் தோன்றவில்லையே! அந்த வீட்டுத் தெய்வங்களின் பெயர்களையும் பாருங்கள். ‘ஆஹ்கா’ என்றால் கிழவி. ‘உக்ஸா’ என்றால் கதவு; உக்ஸாஹ்கா வாசலைக் காப்பவள். ‘யுவொக்ஸா’ வில், யுக்ஸாஹ்கா வில்லேந்தியவள். சாராஹ்காவின் இருப்பிடம் அடுப்படி. மொழி தெரிந்தவனுக்கு அந்தக் குழி ஒரு வீடு. எனக்கு அது கல்லும் கரியும். அதனால்தான் கேட்கிறேன்: மொழி வகுப்பைத் திரும்பக் கொடுங்கள்.

மலைகளும் அப்படித்தான். ‘பாஸ்ஸி’ என்றால் புனிதம் என்று தெரிந்தால் ‘பாஸ்ஸெவாரி’ என்ற பெயரைப் பார்த்ததுமே புனித மலை என்று புரிந்துவிடும். மண்வெட்டியே வேண்டாம்.

மன்னிப்புக் கேட்பதில் மட்டும் யாரும் குறை வைப்பதில்லை. ஸ்வீடன் திருச்சபை 2021இல் உப்சாலாவில் சாமி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஆண்டர்ஸ் போல்சன் என்ற சாமி முதியவரிடம் 1691இல் பறித்த பறையின் உரிமையை டென்மார்க் 2022இல், ஏறத்தாழ 330 ஆண்டுகள் கழித்து, சாமி மக்களிடமே ஒப்படைத்தது. அந்த முதியவர், சூனியம் செய்ததாகத் தொடுத்த வழக்கில், வாட்ஸோ நீதிமன்றத்தில் பறையிலிருந்த உருவங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். எழுதிக்கொண்டவர்கள் டேனிஷில் எழுதிக்கொண்டார்கள். தீர்ப்பு வருவதற்குள், காவலில் இருந்தபோதே, கோடரியால் வெட்டப்பட்டு இறந்தார். பழைய பறைகளில் இன்று உலகெங்கும் மிஞ்சியிருப்பவை எழுபது சொச்சம். அதில் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. அதன் மொழியைச் சொல்லித்தர மட்டும் ஐந்து பேர் போதாது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் அக்கலா சாமி என்ற இன்னொரு சாமி மொழி பேசிய கடைசிப் பெண்மணி 2003இல் காலமானார். அந்த மொழிக்கு இனி வகுப்புச் செலவே கிடையாது. கணக்குப் பிள்ளைக்கு நிம்மதி.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: அடுத்த பருவத்துக்குள் வடசாமி வகுப்பைத் திரும்பக் கொடுங்கள். முழுநேர ஆசிரியர் முடியாதென்றால் வாரத்தில் இரண்டு மாலை போதும். அகழாய்வுக்குப் போகும் ஒவ்வொரு குழுவிலும் அந்த மொழி பேசுகிறவர் ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்துங்கள். காப்பி கொண்டுவருபவராக அல்ல.

அப்புறம், அந்தப் படிவம். அதில் இன்னும் ‘கழிவு’ என்றுதான் இருக்கிறது. திருத்தக் கேட்டு நான் அனுப்பியது இரண்டாவது மடலின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
அந்த ஐவரில் ஒருவன்