கடவுள் பெயரால் ஆட்சி வேண்டும் என்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

மத நெறிப்படி நாட்டை ஆண்டால் லஞ்சமும் அநியாயமும் ஒழிந்துவிடும் என்று நம்புகிறீர்கள். உங்கள் மதம் எதுவாகவும் இருக்கட்டும், உங்கள் பக்தியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் கேட்கிற ஆட்சியை ஈரான் நடத்தியே பார்த்துவிட்டது. அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

1979-இல் ஷா மன்னரின் ஆட்சி விழுந்தது. ஷியா மதகுருவான அயதுல்லா கொமேனியின் தலைமையில் வந்த புதிய அரசமைப்பில் தேர்தல் உண்டு, நாடாளுமன்றம் உண்டு, அதிபரும் உண்டு. எல்லாருக்கும் மேலே உச்சத் தலைவராக ஒரு மதகுரு. சரி, அவரை யார் தட்டிக் கேட்பது? 88 மதகுருமார் அடங்கிய நிபுணர் அவை அவரை நீக்கலாம். அந்த அவைக்கு மக்கள்தான் வாக்களிக்கிறார்கள். ஆனால் அதில் யார் போட்டியிடலாம் என்று சொல்வது 12 பேர் கொண்ட காவலர் மன்றம். அதில் 6 பேரை உச்சத் தலைவர் நேரடியாக நியமிக்கிறார். மற்ற 6 பேரை நீதித்துறைத் தலைவர் முன்மொழிய, நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. அந்த நீதித்துறைத் தலைவரை நியமிப்பது? அதே உச்சத் தலைவர்தான்.

இப்படி வடிகட்டினால் நாத்திகர்கள்தானே வெளியே போவார்கள் என்கிறீர்களா? 2016-இல் நிபுணர் அவைத் தேர்தலில் நிற்க மனுப் போட்ட ஹசன் கொமேனி ஒரு மதகுரு, அதுவும் கொமேனியின் சொந்தப் பேரன். அவரையே தள்ளுபடி செய்தார்கள். கொமேனிக்கு அடுத்து இவர்தான் என்று முடிவாகியிருந்த அயதுல்லா மொந்தசெரி, அரசியல் கைதிகள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டதைக் கண்டித்தார். 1989-இல் பதவி வாய்ப்பு போயிற்று. பின்னால் சில ஆண்டுகள் வீட்டுக்காவலிலும் இருந்தார். மார்க்க அறிவில் அவருக்கு ஈடான ஆட்கள் அந்த நாட்டில் மிகக் குறைவு!

அப்புறம் இன்னொன்று. உச்சத் தலைவர் மிக உயர்ந்த மார்க்க அறிஞராக இருக்க வேண்டும் என்று 1979 அரசமைப்பு சொன்னது. 1989-இல் கொமேனி இறந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட அலி காமெனிக்கு அந்தத் தகுதி நிலை கிடையாது. அதே ஆண்டு அரசமைப்பைத் திருத்தி அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது 1988 ஜனவரியில் கொமேனி எழுதிய கடிதம். அரசு என்பது தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றுக்கும் முந்தியது. நாட்டின் நலனுக்குத் தேவையென்றால் ஹஜ்ஜைக்கூடத் தற்காலிகமாக நிறுத்தலாம் என்றார் அதில். மதத்தைக் காக்க வந்த அரசு பத்தாண்டு முடிவதற்குள் மதத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. ஷா காலத்தில் மன்னரைத் திட்டிய மதகுருவை மக்கள் கொண்டாடினார்கள். இப்போது விலைவாசி ஏறினாலும் திட்டு மதகுருவுக்குத்தான் விழுகிறது.

எனவே, உங்கள் கனவு ஆட்சியில் கடவுளின் விருப்பம் இதுதான் என்று தீர்ப்புச் சொல்லப்போகிறவர் யார்? அவர் சொல்வது தவறு என்று உங்களுக்கே பட்டால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? பதில் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு வாதாட விரும்பும் ஒரு குடிமகன்