பூட்டிய கேட்டின் முன் நின்றவர்களுக்கு 'நோ ஷோ'வா?

அனுப்புநர்:
தங்கள் ஆப்பில் அறை பதிவு செய்த வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
ஹோட்டல் புக்கிங் நிறுவனம்.

பொருள்: தரங்கம்பாடி அறைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேரில் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் புது ஆள் எடுக்கிறார், முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார், எல்லாம் கேட்டுவிட்டு "சிஸ்டத்துல நோ ஷோன்னு காட்டுது சார்" என்று வைத்துவிடுகிறார். அதாவது, அறை போட்டுவிட்டு நாங்கள் வரவில்லையாம். நான் வந்தேன். எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா வந்தார். வராதது உங்கள் அறைதான்.

அம்மா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதையும், 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதையும் வருடா வருடம் பாடம் நடத்தியவர். ஊரை மட்டும் பார்த்ததில்லை. ஒரு சனி, ஞாயிறு போய் வரலாம் என்று உங்கள் ஆப்பில் தேடினேன். ஜன்னலுக்கு வெளியே டேனிஷ் கோட்டை தெரிகிற படம் போட்டிருந்தீர்கள். 4,860 ரூபாய் முழுதாகக் கட்டினேன். 'உறுதி செய்யப்பட்டது' என்று பச்சை டிக் வந்தது. அந்தப் பச்சை டிக்குக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

காலையில் ஜன சதாப்தி பிடித்து மதியம் மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போனோம். வவுச்சரில் 'ரயில் நிலையத்திலிருந்து 800 மீட்டர்' என்று இருக்கிறது. தரங்கம்பாடிக்கு ரயில் வருவதே 1986-ல் நின்றுபோய்விட்டது. எந்த ரயில் நிலையத்திலிருந்து அளந்தீர்கள்?

சரி, அதை விடுங்கள். போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு. உள்ளே மணல் குவியல், டைல்ஸ் பெட்டிகள், கழற்றிச் சாய்த்து வைத்த கதவுகள். அங்கிருந்த காவலாளி, "போன மாசத்துலேர்ந்தே வேலை நடக்குதுங்க, கம்பெனிக்குச் சொல்லியாச்சுன்னு மொதலாளி சொன்னாரு" என்றார். பாவம், அவர்தான் அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அன்று முழுக்க எங்களை மனுஷராக நடத்தியது அவர் ஒருவர்தான், அவர் உங்கள் சம்பளத்தில் இருப்பவரும் இல்லை.

அங்கே நின்றபடி உங்களை அழைத்தேன். பாட்டு ஓடியது. கட் ஆனது. மறுபடியும் பாட்டு. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் எடுத்தவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாரிடமோ "எனக்குச் சக்கரை கம்மி" என்று டீ சொன்னார். பிறகு என்னிடம், "அந்த ஊர்ல என்ன சார் இருக்குன்னு போனீங்க?" என்றார். 1620-ல் கட்டிய கோட்டை இருக்கிறது, கடல் அரித்தும் நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது என்று நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? அந்த ஊரை ஆப்பில் போட்டு விற்பதே நீங்கள்தானே! அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களே சொல்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

அதே ஆள்தான், "காரைக்கால்ல மாத்து அறை போட்டாச்சு, உடனே கிளம்புங்க" என்றார். ஆட்டோவுக்கு 600 ரூபாய் கொடுத்து இருட்டில் போனோம். அங்கே ஹோட்டல் வரவேற்பில் புது வவுச்சரை வாங்கிப் பார்த்த பையன் சிரித்துவிட்டான். முகவரி பாண்டிச்சேரி டவுனில்! காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே ஊர் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நடுவில் 100 கிலோமீட்டருக்கு மேல் தமிழ்நாடு இருக்கிறது, ஐயா. பள்ளிக்கூட வரைபடத்திலேயே தெரியும். இரவு அந்தப் பாண்டிச்சேரி ஹோட்டலுக்குப் போகவில்லை என்பதற்காகத்தான் எங்களை 'நோ ஷோ' ஆக்கியிருக்கிறீர்கள்.

காரைக்காலில் கிடைத்த ஒரு லாட்ஜில் 2,200 ரூபாய் கொடுத்துத் தங்கினோம். காலையில் அம்மாவுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. மதிய ரயிலுக்கு நேரே மயிலாடுதுறை வந்துவிட்டோம். கோட்டையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. 1718-ல் கட்டிய தேவாலயம், அச்சுக்கூடம் பற்றி அவர் கேட்க வைத்திருந்த கேள்விகள், கடலில் சூரியன் எழுவது, ஒன்றும் இல்லை. லட்ச ரூபாய் கொடுத்தாலும் இந்த நஷ்டம் தீராது. இனி அம்மா எந்த ஊருக்கும் வரமாட்டேன் என்கிறார்.

நான் சண்டைக்காரன் இல்லை. உங்கள் ஆப்பில் இதற்கு முன்பும் அறை போட்டிருக்கிறேன், குறை சொன்னதில்லை. அறைப் பணம், ஆட்டோ, லாட்ஜ் வாடகை, மொத்தம் 7,660 ரூபாய். அதோடு மன உளைச்சலுக்கு 1,00,000 ரூபாய். அப்புறம், டீ சொன்ன அந்த நபர் அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தயவுசெய்து இதை முடித்துக் கொடுங்கள். பணத்துக்குப் பதில் நீங்கள் தருவதாகச் சொல்லும் 500 ரூபாய் கூப்பன் எனக்கு வேண்டாம். அதை வைத்து எந்தப் பூட்டிய கேட்டுக்கு அனுப்புவீர்களோ.

2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் இந்தப் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. பூட்டிய கேட்டின் படம், நேரத்தோடு, இணைத்திருக்கிறேன். வவுச்சர்கள் இரண்டும், லாட்ஜ் ரசீதும் கூட.

இதற்கும் 'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்' என்று தானாகப் போகிற பதிலை அனுப்பினால், அதையும் ஒரு ஆவணமாகச் சேர்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
'வராத' வாடிக்கையாளர்