எங்கள் அம்மாவிடம் மாதிரி எடுக்க ஆள் அனுப்புங்கள்: காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காவல்துறைத் தலைமை அதிகாரி அவர்களுக்கும், துப்புத் துலங்காத பழைய வழக்குகளைக் கவனிக்கும் பிரிவினருக்கும்,

வணக்கம். போன மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் அப்பாவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. 1998-இல் காணாமல் போன என் அக்காவின் வழக்கில் புதிய தடயம் ஏதும் கிடைக்கவில்லை, குடும்பத்தாருக்குப் புதிதாகத் தகவல் தெரிந்தால் நேரில் வந்து தெரிவிக்கவும் என்று இரண்டே வரி. அப்பா இறந்து 11 வருடம் ஆகிறது. அதை நானே உங்களுக்கு எழுதித் தெரிவித்தேன். பெற்றுக்கொண்டதாக நீங்கள் முத்திரை குத்திக் கொடுத்த நகல் என்னிடம் இருக்கிறது. சரி, அது போகட்டும். இத்தனை வருடமாகத் தகவல் கேட்டு உங்கள் வாசலில் நின்றவர்களிடமே தகவல் கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

வழக்கு விவரத்தைத் திரும்பவும் எழுதப் போவதில்லை. கேஸ் கட்டில் எல்லாம் இருக்கும், கேஸ் கட்டு இருந்தால். இதுவரை ஒன்பது அதிகாரிகள் எங்கள் வழக்கைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒவ்வொருவரிடமும் முதல் நாளிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டியிருந்தது. என்ன நிற உடை, கையில் என்ன பை, எத்தனை மணிக்குக் கிளம்பினாள், வீட்டில் சண்டையா, யாரோடாவது பழக்கமா. அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காத அதிகாரி ஒருவரும் இல்லை. அக்காவின் முகம் தெளிவாக விழுந்த படம் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதை முதல் வாரமே வாங்கிக்கொண்டீர்கள். ஆறாவது அதிகாரி வேறு படம் கேட்டார். ஏழாவது அதிகாரியும் கேட்டார்.

சில வருடங்களுக்கு முன் விவரப் பட்டியலின் நகல் ஒன்றை எழுதிக் கேட்டு வாங்கினேன். அதில் 'அடையாளங்கள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அக்காவுக்குப் பதினாறு வயதில் மாடிப்படியில் விழுந்து இடது முன்கை எலும்பு முறிந்தது. உள்ளே உலோகத் தகடு வைத்து ஆறு திருகாணி போட்டிருந்தார்கள். அப்பா புகாரில் அதைத் தன் கையெழுத்தில் எழுதி, கீழே கோடு வேறு போட்டிருந்தார். சதையும் உடையும் முகமும் அழிந்த பிறகும் அந்தத் தகடு இருக்கும். சில தகடுகளில் தயாரிப்பு எண்கூட இருக்குமாம். 'இல்லை' என்று எழுதியவருக்கு அன்று என்ன அவசரமோ.

இப்போது நான் கேட்க வந்தது. எங்கள் அம்மாவிடம் டிஎன்ஏ மாதிரி எடுங்கள். அதை, அடையாளம் தெரியாமல் இதுவரை கண்டெடுக்கப்பட்ட பெண்களின் உடல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவுதான். குற்றவாளியைப் பிடியுங்கள் என்றுகூட இந்த மடலில் கேட்கவில்லை.

ஏன் அம்மா, நீங்கள் கொடுத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டார்கள். நானும் தருகிறேன். ஆனால் இதை உங்கள் ஆய்வகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளையின் மரபணுவில் சரிபாதி தாயிடமிருந்து வருகிறது. சோதிக்கும் ஒவ்வொரு இடத்திலும் தாயுடையது ஒன்று பிள்ளையிடம் இருந்தாக வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குள் அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. கொஞ்சம் பொருந்தும், கொஞ்சம் பொருந்தாது, கடைசியில் 'இருக்கலாம்' என்றுதான் எழுதுவார்கள். எலும்பிலிருந்து எடுக்கும், தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எனக்கும் அக்காவுக்கும் ஒன்றுதான். ஆனால் அது தாய்வழியில் வந்த எல்லோருக்குமே பொது, அதை வைத்து ஒரு ஆளை உறுதிசெய்ய முடியாது. அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு 79 வயது.

மூன்று முறை அழைத்து வந்தேன். முதல் முறை, காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னீர்கள். ரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்து அம்மா முந்தின இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சொல்லியும் கேட்கவில்லை. அலமாரியில் இருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வந்து, மாதிரி எடுக்கும் உபகரணம் வரவில்லை என்றார். இரண்டு மணிக்கு இன்னொருவர் வந்து, நீங்கள் இன்னும் போகவில்லையா என்றார். இரண்டாம் முறை உபகரணம் இருந்தது, விசாரணை அதிகாரியின் கடிதம் இல்லை. அவர் மாற்றலாகிப் போயிருந்தார், அடுத்தவர் பொறுப்பேற்கவில்லை. மூன்றாம் முறை, வழக்கு நிலுவைப் பட்டியலில் இல்லாததால் மாதிரியை எந்த எண்ணில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றார்கள். மூன்று முறையும் அம்மா வெறும் வயிற்றோடுதான் வந்தார்.

அப்புறம்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ரத்தமே வேண்டாம். பஞ்சு சுற்றிய ஒரு குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுத்தால் போதும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் மூன்று நாள்.

இதனால் என்ன கிடைத்துவிடும், இத்தனை வருடம் ஆகிவிட்டதே என்று சொல்வீர்கள். நேரிலும் சொன்னார்கள். 1992 ஜூனில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில், ஓர் ஆற்றில் கொலை செய்யப்பட்ட பெண்ணின் உடல் கிடந்தது. கையில் கருப்புப் பூவும் பச்சை இலைகளுமாக ஒரு பச்சை குத்தல். அவள் யார் என்று தெரியவில்லை. 2023 மே மாதம், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய மூன்று நாட்டு போலீசாரும் இன்டர்போலும் சேர்ந்து, இப்படிப் பெயர் தெரியாமல் கிடந்த 22 பெண்களின் விவரங்களை வெளியிட்டார்கள். பிரிட்டனில் இருந்த ஒரு குடும்பம் செய்தியில் அந்தப் பூவைப் பார்த்தது. எங்கள் வீட்டுப் பெண்ணுடையது என்றது. உடல் கிடைப்பதற்கு முந்தின மாதம் அவள் அனுப்பிய தபால் அட்டைதான் அந்தக் குடும்பத்துக்கு வந்த கடைசிச் செய்தி. 31 வருடம் கழித்து அந்த உடலுக்குப் பெயர் கிடைத்தது. கையில் பூ இருந்தது, அதை யாரோ ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தார்கள், வெளியே சொன்னார்கள். எங்கள் அக்காவின் கையில் தகடு இருந்தது.

போஸ்னியாவையும் சொல்லிவிடுகிறேன். 1995-இல், அங்கே நடந்த போரின்போது, ஸ்ரெப்ரெனிகா என்ற ஊரில் ஏறத்தாழ 8,000 பேரைக் கொன்று குழிகளில் போட்டார்கள். பிறகு அந்தக் குழிகளை இயந்திரம் வைத்துத் தோண்டி எலும்புகளைக் கலைத்து வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே ஆளின் எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் கிடந்தன. அதிலும் கிட்டத்தட்ட 7,000 பேரை அடையாளம் கண்டுவிட்டார்கள். எப்படி? உறவினர்களைத் தேடிப் போய், அவர்கள் எந்த நாட்டில் குடியேறியிருந்தாலும், ஆளுக்குச் சில துளி ரத்தம் வாங்கி அட்டையில் பதிந்து வைத்தார்கள். போரில் நொறுங்கிப் போன நாட்டில் நடந்தது இது. உங்களிடம் கட்டடம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பெஞ்சுகூட இருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தோன்றினால், ஆமாம். காணாமல் போனது பெண் என்றால் முதல் நாளே ஒரு பதில் தயாராக இருக்கிறது: யாரோடாவது போயிருப்பாள், ரெண்டு நாளில் வந்துவிடுவாள். எங்கள் அப்பாவிடம் அப்படித்தான் சொன்னார்கள். மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரில் 2001-இல் மகளைக் காணவில்லை என்று வந்த தாய்களிடமும் அதையேதான் சொன்னார்கள், காதலனோடு இருப்பாள் என்று. அந்த மகள்கள் ஒரு பருத்தி வயலில் பிணமாகக் கிடைத்தார்கள். 2009-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் மெக்சிகோ அரசைப் பொறுப்பாளியாக்கித் தீர்ப்புச் சொன்னது. பெண்ணைக் காணவில்லை என்று புகார் வந்த முதல் சில மணி நேரமும் முதல் சில நாட்களும் தேட வேண்டியது அரசின் கண்டிப்பான கடமை என்றது. எங்கள் புகாரைப் பதிவு செய்ய நான்கு நாள் ஆனது.

கனடாவின் வான்கூவரில் இன்னும் மோசம். 1990-களில் ஓர் ஏழைப் பகுதியிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பலர் பூர்வகுடிப் பெண்கள், பாலியல் தொழிலில் இருந்தவர்கள், போதைப் பழக்கம் உள்ளவர்கள். யாரும் பெரிதாகத் தேடவில்லை. பின்னாளில் அவர்களில் பலரைக் கொன்றவன் என்று தெரியவந்த ராபர்ட் பிக்டன் என்ற பன்றிப் பண்ணைக்காரன் 1997-இல் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்திய வழக்கில் மாட்டினான். அந்த வழக்கு கைவிடப்பட்டது. அப்போது அவனிடமிருந்து எடுத்த உடைகளும் பூட்ஸும் போலீஸ் கிடங்கிலேயே கிடந்தன. 2002-இல் அவன் பண்ணையைத் தோண்டிய பிறகு, 2004-இல்தான் அவற்றைப் பரிசோதித்தார்கள். காணாமல் போன இரண்டு பெண்களின் டிஎன்ஏ அவற்றில் இருந்தது. ஏழு வருடம் அது ஒரு கிடங்கில் இருந்திருக்கிறது. மொத்தம் 33 பெண்களின் டிஎன்ஏ அந்தப் பண்ணையில் கிடைத்தது.

பழைய கொலை வழக்குகள் என்றால் எல்லோருக்கும் ஆர்வம்தான். தொடராக எடுக்கிறார்கள், மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். கொன்றவனின் பெயரும் அவன் சின்ன வயதுக் கதையும் எனக்கே மனப்பாடம். செத்த பெண்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்லச் சொன்னால் தெரியாது. இதை உங்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது, மன்னிக்கவும். வேறெங்கோ போய்விட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். காணாமல் போனவர்கள் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலும் உங்களிடமே இருக்கிறது. ஒன்று ஒரு அறையில், இன்னொன்று இன்னொரு அறையில். வேறு எல்லைக்குள் கிடைத்த உடலென்றால் வேறு கட்டடத்தில். எங்களைப் போல எத்தனையோ வீடுகளில் வயதான அம்மா அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் போய் மாதிரி எடுங்கள் என்பதுதான் நியாயம். அதைத் தொடங்க நாளாகும் என்றால், எங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா உயிரோடு இருக்கும்போதே வாருங்கள் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதியாகிவிட்டது. கொஞ்ச நாளாகப் பெயர்கள் மறந்துபோகின்றன, என்னையே சில நேரம் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒப்புதல் படிவத்தில் அவர் விவரம் புரிந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். இப்போதைக்குப் போடுவார். அடுத்த வருடம் எப்படியோ தெரியாது.

எங்களால் இனி அவரை அங்கே அழைத்து வர முடியாது. முழங்கால் விடவில்லை. முகவரி கேஸ் கட்டில் இருக்கிறது. அதே வீடுதான், மாறவில்லை, மாற அம்மா விடவில்லை. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை தெளிவாக இருப்பார், அந்த நேரத்தில் வந்தால் நல்லது. கடிதத்தை என் பெயருக்கு அனுப்புங்கள், அப்பா பெயருக்கு வேண்டாம்.

இந்த மடலை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வேறு விதமென்றால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
1998 முதல் உங்கள் கோப்பில் 'புகார்தாரரின் இளைய மகள்'