டெலிவரி அறிக்கையில் உள்ள தவறான கணக்கு குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: 'சரியான நேரத்தில் டெலிவரி' கணக்கிடப்படும் முறை

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாத அறிக்கையின் முதல் பக்கத்திலேயே 'சரியான நேரத்தில் டெலிவரி: 98 சதவீதம்' என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் சரக்கு வரவுப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை.

ஓர் ஆர்டரை மட்டும் சொல்கிறேன். ஐந்து பெட்டிகள், 4ஆம் தேதி வரும் என்று உறுதி கொடுத்தீர்கள். அன்று மாலை 5.40க்கு 'வாடிக்கையாளர் இல்லை' என்று குறுஞ்செய்தி வந்தது. அந்த நேரத்தில் நானும் இரண்டு ஆட்களும் ஷட்டரைத் திறந்து வைத்து உங்கள் லாரிக்காகத்தான் நின்றிருந்தோம். மறுநாள் நீங்களே தேதியை 7 என்று மாற்றினீர்கள். 7ஆம் தேதி வந்தவை நான்கு பெட்டிகள். சலானில் 'நான்கு மட்டும் பெற்றேன்' என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். மெஷினுக்கு வேண்டிய பேரிங் ஐந்தாவது பெட்டியில் இருந்தது. அது 9ஆம் தேதி வரும்வரை மெஷின் ஓடவில்லை.

இந்த ஆர்டரும் உங்கள் 98 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது! கேட்டதற்கு, கடைசியாக மாற்றிய தேதிதான் கணக்கு, முதல் பெட்டி இறங்கினாலே ஆர்டர் முடிந்ததாகப் பதிவாகும் என்று உங்கள் ஊழியர் பொறுமையாக விளக்கினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தேதியை மாற்றுவதும் நீங்கள், அதே தேதியை வைத்து மதிப்பெண் போடுவதும் நீங்கள் என்றால், தாமதம் எப்படிக் கணக்கில் வரும்?

உங்கள் துறையிலேயே ஓடிஐஎஃப் (ஆன் டைம், இன் ஃபுல்) என்ற அளவுகோல் இருக்கிறது: நேரத்துக்கும் வரவேண்டும், முழுதாகவும் வரவேண்டும். குறையில்லாத ஆர்டர் என்றால் இவ்விரண்டோடு சேதமில்லாத சரக்கும் பிழையில்லாத ஆவணமும் சேரும். இந்த நான்கிலும் தனித்தனியே 95 சதவீதம் எடுத்து, ஒன்றின் குறை இன்னொன்றைச் சாராமல் இருந்தால், நான்கும் சரியாக அமையும் ஆர்டர்கள் ஏறக்குறைய 81 சதவீதம்தான். எங்களுக்குத் தேவை அந்த எண்.

எங்கள் ஆர்டர்களை முதலில் உறுதி கொடுத்த தேதியை வைத்து, கடைசிப் பெட்டி எங்கள் வாசலில் இறங்கிய நேரத்தோடு ஒப்பிட்டு, மறுபடி கணக்கிட்டு அனுப்புங்கள். நாங்கள் கேட்காமல் தேதி மாறிய ஆர்டர்களைத் தனியாகக் காட்டுங்கள். 4ஆம் தேதி 5.40க்கு அந்த லாரி எங்கே நின்றது என்ற ஜிபிஎஸ் பதிவும் வேண்டும். சலான் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்