நட்சத்திரம் கொடுத்தால் கணக்கு வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கைப்பேசிக் கற்றல் செயலிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படிப்பில் நாட்டமில்லாத பிள்ளைக்கும் செயலி ஆர்வத்தை ஊட்டிவிடுமாம். இத்தனை காலம் வகுப்பறையால் முடியாமல் போனது அதுதானாம். முப்பத்து நான்கு வருஷம் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். அந்த வரியைப் படித்த பிறகு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

என் மகள் வயிற்றுப் பேரன் திருச்சியில் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செயலி நிறுவனத்தின் ஆள் அவர்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கு ஒரு பரீட்சை வைத்து, பிள்ளை பின்தங்கியிருக்கிறான் என்று அவன் காதுபடவே சொல்லி, இரவு ஒன்பதரை மணிவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார். அன்றிலிருந்து மாப்பிள்ளையின் சம்பளத்தில் மாதத் தவணை போகிறது.

கோடை விடுமுறைக்கு வந்தவன், "அம்மாச்சி, நூத்திப் பன்னெண்டு நாள் விடாம படிச்சிருக்கேன்" என்று திரையைக் காட்டினான். மனசு குளிர்ந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாள் கணக்கு அறுந்துவிடக் கூடாதென்று, முடித்துவிட்ட ஐந்தாம் வகுப்புப் பாடத்தையே மறுபடி திறந்தான். நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தான். தப்புக்கு ஒன்றுமில்லை. சரியானது பட்டதும் திரை முழுக்க நட்சத்திரம் கொட்டியது, கைதட்டல் கேட்டது. நான்கு நிமிஷத்தில் மூடி வைத்துவிட்டான்.

'பின்னங்கள்: 92 சதவீதம் தேர்ச்சி' என்று பச்சை எழுத்தில் இருந்தது. தாளை எடுத்து 2/3 + 1/4 என்று எழுதிக் கொடுத்தேன். 3/7 என்று போட்டான். முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு 41 வாங்கிய பிள்ளை அவன்.

அந்தத் தப்பை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டியிருக்கிறார்கள். அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒரு தோசையை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் வெட்டி வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், "துண்டு ஒரே அளவா இல்லையே அம்மாச்சி, எப்படிக் கூட்டுறது?" என்றான். அந்தக் கேள்வி வந்த பிறகு நான் சொல்லிக்கொடுக்க அதிகமில்லை. ஒவ்வொரு தோசையையும் பன்னிரண்டு துண்டாக நினைக்கலாம் என்று அவனே கண்டுபிடித்து 11/12 போட்டான். மறுநாள் காலை பல்கூடத் தேய்க்காமல், இன்னும் ஐந்து கணக்குக் கொடு என்று நோட்டோடு வந்து நின்றான். இதை ஊக்கம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அமெரிக்காவில் 1973இல் வெளியான ஆய்வு தங்களுக்குத் தெரியாததல்ல. படம் வரைவதில் ஆசையுள்ள மழலைகள் அவர்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு இஷ்டத்துக்கு விளையாடவிட்டபோது, மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

எனக்கு இந்த ஆதங்கம் புதிதல்ல. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கு எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் திரும்பியது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். இனி கல்வி கைக்குள் வந்துவிட்டது என்று அப்போதும் தங்கள் இதழ் எழுதியது. எங்கள் தெருக் கொத்தனார் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் காலையில் அவரோடு வேலைக்குப் போய்விடும். அதைப் பற்றி அன்றே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை.

தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு, விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது என்றது. அந்த மீட்சியில் கிட்டத்தட்டக் கால் பங்குக்குக் காரணம் 'இல்லம் தேடிக் கல்வி'. அதாவது, சாயங்காலம் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைத்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ உயிரியல் பாடத்தைக் காணொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து நல்ல மார்க் எடுத்தாள். ஆனால் எட்டாம் வகுப்பில் ஒரு டீச்சர் செம்பருத்திப் பூவை அறுத்துக் காட்டிய நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பாடத்தின்மேல் பைத்தியம். இப்போது பணியில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி சொல்கிறாள்: காலையில் வருகைப்பதிவுக்கு ஒரு செயலி, மதிப்பீட்டுக்கு ஒரு செயலி, நெட் கிடைக்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது, பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் டீச்சர் என்று. அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கலாம்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். முன்பு சிறுவர் பக்கத்தின் மூலையில் வாரம் ஒரு கணக்குப் புதிர் போடுவீர்கள். சரியான விடை எழுதியவர்களின் பெயர் அடுத்த வாரம் வரும். என் பள்ளிப் பிள்ளைகள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார்கள். 1996இல் ஒரு பையனின் பெயர் வந்தது. அந்தத் துண்டுத்தாளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை டப்பாவுக்குள் வைத்திருந்தான். சென்ற ஞாயிறு அந்த மூலையில் ஒரு செயலியின் விளம்பரம் இருந்தது. அந்தப் புதிரை மறுபடி போடுங்கள். நான்கு வரி இடம் போதும். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அஞ்சலட்டை நான் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
திருத்துறைப்பூண்டி