சட்டமியற்றும் அவைகளின் உறுப்பினர்களுக்கு: "நீதிமன்றம் இருக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

ஒரு மசோதா குடிமை உரிமைகளைப் பறிக்குமோ என்று கேட்டால், அவையில் வழக்கமாக வரும் பதில், "அத்துமீறல் நடந்தால் நீதிமன்றம் இருக்கிறதே" என்பதுதான். இருக்கிறது. ஆனால் அங்கே வாதாடப்படுவது நீங்கள் எழுதிய வரிகளை வைத்துத்தான்.

நீதித்துறையின் பெருமையாகப் பேசப்படும் ஆட்கொணர்வுப் பேராணையைப் பாருங்கள்: அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆணை அது. அதற்குப் பல் முளைத்தது 1679இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால். சிறை 20 மைலுக்குள் இருந்தால் கைதியை 3 நாளில் கொண்டுவர வேண்டும்; 100 மைல் வரை 10 நாள்; அதற்கு மேல் 20 நாள். தவறும் சிறை அதிகாரிக்கு முதல்முறை 100 பவுண்டு தண்டம். மறுமுறை 200 பவுண்டு, பதவியும் போகும். நீதிமன்ற விடுமுறையில் பேராணை தர மறுக்கும் நீதிபதியே கைதிக்கு 500 பவுண்டு கொடுக்க வேண்டும். நீதிபதியையும் நம்பிவிடாமல் எழுதப்பட்ட சட்டம் அது!

அந்த எச்சரிக்கை வீண் அல்ல. நெருக்கடி நிலையின்போது இந்திய உயர் நீதிமன்றங்கள் பல, ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றன. உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரலில் 4-1 என்ற கணக்கில் அதை மறுத்தது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே. உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று கதவை அடைத்தது நாடாளுமன்றம், 1978இன் 44ஆவது திருத்தத்தில். நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே தள்ளுபடி செய்ய 2017 ஆயிற்று.

ஆனால் அதே திருத்தத்தில்தான் பெரிய ஓட்டையும் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு, காவல் தேவையா என்று ஆராயும் அறிவுரைக் குழுவின் கருத்து இல்லாமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் (வழக்கு விசாரணையின்றி முன்கூட்டியே அடைத்து) வைக்கும் உச்ச வரம்பை 3 மாதத்திலிருந்து 2 மாதமாகக் குறைத்தது. குழுவின் தலைவர் பணியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும் என்றது. ஆனால் எந்தப் பிரிவு எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கும் பொறுப்பு மத்திய அரசிடம் விடப்பட்டது. மற்றவற்றுக்கெல்லாம் நாள் குறித்த அரசு, இந்தப் பிரிவுக்கு இன்றுவரை குறிக்கவில்லை. அரசுக்கு ஆணையிடுமாறு கேட்ட வழக்கில், 1981 டிசம்பரில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை மறுத்துவிட்டது: நாள் குறிக்கும் விருப்புரிமையை அரசுக்குத் தந்ததே நாடாளுமன்றம்தானே! ஆள்பவரைக் கட்டுப்படுத்தும் பிரிவுக்குத் தொடக்க நாளை ஆள்பவரே குறிக்கட்டும் என்று எழுதினால் இதுதான் நடக்கும். அத்தகைய பிரிவுக்கு நாளைச் சட்டத்திலேயே எழுதுங்கள். "ஒப்புதல் கிடைத்த 90ஆம் நாள்" என்றாலும் போதும்.

"விரைவில்", "நியாயமான காலத்துக்குள்" என்ற சொற்களையும் விடுங்கள். மணிக்கணக்கு எழுதுங்கள். கெடு தவறினால் என்ன என்பதையும் அங்கேயே எழுதுங்கள். இந்தியாவில் குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாளுக்குள் வராவிட்டால், பிணை கேட்பது கைதியின் உரிமையாகிவிடுகிறது. வழக்கின் கனத்தைக் காட்டி நீதிபதி மறுக்க முடியாது. விளைவு எழுதாத கெடு, காவல் நிலையத்தில் வெறும் அறிவுரையாகத்தான் வாசிக்கப்படும்.

நீதிமன்றம் ரத்து செய்த பிரிவை உடனே நூலிலிருந்து நீக்குங்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015இல் செல்லாததாயிற்று. அதன் பிறகும் அதன்கீழ் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன. அச்சிட்ட சட்ட நூலில் பிரிவு அப்படியே இருந்தது. ரத்தான செய்தி அடிக்குறிப்பில்தான். இரவில் வழக்குப் பதிபவர் அடிக்குறிப்பைத் தேடுவதில்லை.

அவைகளும் தவறியிருக்கின்றன, மறுக்கவில்லை. 1942இல் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வெளியேற்ற வழிசெய்த ஆணை அதிபருடையது. அதன்கீழ் வந்த ராணுவக் கட்டளைகளை மீறினால் தண்டனை என்ற சட்டம் காங்கிரசுடையது. 1944இல் 6-3 என அதை ஏற்றது உச்ச நீதிமன்றம். உயிரோடிருந்தவர்களுக்கு மன்னிப்பும் தலைக்கு 20,000 டாலரும் வந்தது 1988இல், காங்கிரஸ் சட்டத்தின் வழியே.

அடுத்த மசோதா மேசைக்கு வரும்போது முதலில் முதல் பிரிவின் உட்பிரிவுகளைப் பாருங்கள். தொடக்க நாள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். "அரசு அறிவிக்கும் நாளில்" என்றிருந்தால் திருத்தம் கொண்டுவந்து, வாக்கெடுப்பும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள்